எம்.ஜி.பி. காரில் எஸ்.யு. பெட்ரோல் பம்ப் மாற்றுதல்: முழு செய்முறை

சாவியைத் திருப்பியதும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகச் சத்தம் வர வேண்டும். ஐந்தாறு நொடியில் அது தளர்ந்து நின்றுவிட வேண்டும். எம்.ஜி.பி. என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட்டரைத் தொடுமுன் ஒரு கணம் காது கொடுப்பது இதற்குத்தான். சத்தம் அடங்கினால் இரண்டு கார்புரேட்டரின் மிதவை அறையும் (பெட்ரோல் தேங்கும் சிறு அறை) நிரம்பிவிட்டது என்று பொருள்.

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான வண்டி இது. உள்ளே இருப்பது பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசை 1798 சிசி இன்ஜின். நம் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இதே வரிசை. ஆனால் பம்ப் இன்ஜினில் இல்லை. டேங்க்குக்குச் சற்று முன்னால், வண்டிக்கு அடியில், மின்சாரத்தில் ஓடும், எஸ்.யு. நிறுவனத்தின் பம்ப் இருக்கிறது. தொடக்க கால வண்டிகளில் ‘ஹெச்.பி.’ வகை, அதன்பின் ‘ஏ.யு.எஃப். 300’ வகை. கீழே சொல்வது 1974 வரை வந்த, இரண்டு 6 வோல்ட் பேட்டரி வைத்த குரோம் பம்பர் வண்டிகளுக்கு. பிந்திய ரப்பர் பம்பர் வண்டிகளில் பம்ப்பின் மின்முனைப் பக்கம் டிக்கிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வேலை சுலபம், தத்துவம் ஒன்றுதான்.

பம்ப்பைக் கழற்றி மாட்டுவது ஒன்றரை மணி நேர வேலை. பழுது பம்ப்பில்தானா என்று முதலில் உறுதி செய்யாவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரமும் வீண். புதுப் பம்ப் மாட்டியும் வண்டி கிளம்பாமல் நிற்பவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

பம்ப்பின் வேலை எளிது. காயிலில் (மின்காந்தச் சுருள்) மின்சாரம் பாய்ந்தால் அது டயாஃப்ரத்தை (வளையும் சவ்வு) உள்ளே இழுக்கும், டேங்க்கிலிருந்து பெட்ரோல் வரும். முழுதும் இழுபட்டதும் மறுமுனையில் உள்ள ராக்கர் என்னும் சிறு நெம்புகோல் சட்டென்று புரண்டு பாயிண்ட்டை (மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனைகள்) திறக்கும், மின்சாரம் அறும். அப்போது ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் தள்ளிப் பெட்ரோலை முன்னால் அனுப்பும். அதாவது பெட்ரோலைத் தள்ளுவது ஸ்பிரிங், மின்சாரம் அல்ல. கார்புரேட்டர் நிரம்பி, பெட்ரோல் வழியை அடைக்கும் மிதவை ஊசி மூடிக்கொண்டால் ஸ்பிரிங் தள்ள முடியாமல் அப்படியே காத்திருக்கும். பாயிண்ட் திறந்தே இருக்கும், காயிலில் மின்சாரம் இருக்காது. இந்த ஒன்று புரிந்தால் கீழே வரும் பாதிக்கு மேல் தானாகவே புரியும்.

சத்தத்தை வைத்துப் பழுது பார்ப்பது

சத்தமே இல்லை என்றால் மூன்று சாத்தியம்: மின்சாரம் வரவில்லை, எர்த் இல்லை, அல்லது பாயிண்ட் கறுத்துவிட்டது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் மூன்றாவதுதான் அதிகம். ஸ்பேனரின் பின்பக்கத்தால் பம்ப்பை லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்கும். ஆனால் அதை நம்பி ஊர் போகக்கூடாது. தட்டி எழுப்பிய பம்ப் பத்து மைல் தாண்டி மறுபடி படுக்கும்.

விடாமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்று இழுக்கிறது, அல்லது வால்வில் தூசி சிக்கியிருக்கிறது. இன்ஜின் ஓடாதபோது நாலைந்து நொடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்றால் எங்கோ அழுத்தம் கசிகிறது. கார்புரேட்டரின் வழிந்தோடும் குழாயிலிருந்து தரையில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் மிதவை ஊசியைப் பாருங்கள், பம்ப்பில் கை வைக்க வேண்டாம். அரை நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்காவிட்டால் பழைய வண்டியில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு ‘டிக்’ கேட்டு, பிறகு மௌனம், பம்ப் தொட்டால் சுடுகிறது என்றால் அதுதான் மோசம். டேங்க்கிலிருந்து வரும் வழி அடைபட்டிருக்கிறது. டயாஃப்ரம் பாதியில் நின்றுவிட்டது, பாயிண்ட் மூடியே இருக்கிறது, காயில் வெந்துகொண்டிருக்கிறது. உடனே சாவியை அணையுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி அரை மணி நேரத்தில் மூச்சுத் திணறி நின்றால் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், பம்ப் மறுபடி அடிக்கத் தொடங்கினால் டேங்க்குக்குள் காற்று வரும் வழி இல்லை. துளையில்லாத மூடியை யாரோ மாட்டியிருப்பார்கள். செலவு ஒரு மூடி.

21 வாட் பல்ப்

பம்ப்பின் முனையில் மீட்டர் வைத்து 12 வோல்ட் காட்டுகிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. பாயிண்ட் திறந்திருந்தால் பம்ப் மின்சாரம் இழுக்காது. பச்சை பூத்த இணைப்புகூட அந்த நிலையில் முழு 12 வோல்ட் காட்டும். பாரம் ஏறினால்தான் குட்டு வெளிப்படும்.

இதற்குத் திசை காட்டும் விளக்கின் 21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். பம்ப்பிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் வெள்ளை ஒயரைக் கழற்றி அதற்கும், பம்ப்பின் எர்த் ஒயருக்கும் நடுவே பல்ப்பை மாட்டி, சாவியைத் திருப்புங்கள். பளிச்சென்று எரிந்தால் வரும் மின்சாரமும் எர்த்தும் சரி, பழுது பம்ப்பில்தான். மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ பல்ப்பின் எர்த் முனையை நல்ல சேஸிஸ் உலோகத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது பளிச்சென்றால் கறுப்பு எர்த் ஒயர்தான் கோளாறு. பம்ப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்குள் ரப்பர் உறை இருப்பதால் பம்ப்புக்கு அந்த ஒயரை விட்டால் உருப்படியான எர்த் கிடையாது. அது போல்ட்டோடு சேரும் இடத்தைச் சுரண்டி, துரு நீக்கி, வாசலின் தடவி இறுக்கினால் பல ‘செத்த’ பம்ப் பிழைத்துவிடும்.

பெட்ரோல் கசிவு இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம். இணைப்பைப் போடுவதும் எடுப்பதும் சாவி அணைந்திருக்கும்போதுதான்.

என்ன வாங்குவது

வண்டியின் எர்த் எந்தத் துருவம் என்பதை முதலில் பாருங்கள். 1967 இறுதியில் இரண்டாம் பதிப்பு வரும்வரை எம்.ஜி.பி.க்கு நேர்மின் எர்த் (பேட்டரியின் + முனை வண்டி உடலோடு சேரும்), அதன்பின் எதிர்மின் எர்த். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், ஆகவே ஆண்டை நம்பாமல் பேட்டரி முனையை நேரில் பாருங்கள். பாயிண்ட்டில் தீப்பொறியை அடக்க டயோடு வைத்த பம்ப்புகளுக்கும், பாயிண்ட்டே இல்லாத எலெக்ட்ரானிக் பம்ப்புகளுக்கும் துருவம் முக்கியம். தலைகீழாக மாட்டினால் டயோடு நேர்வழியில் மின்சாரத்தை விட்டுவிடும், அதாவது ஷார்ட். பம்ப்புக்குப் போகும் வெள்ளை ஒயர் ஃபியூஸ் இல்லாமல் சாவியிலிருந்து நேராக வருவது. டயோடு முதலில் கருகினால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஒயர் கருகும்.

எஸ்.யு. வேண்டாம், சந்தையில் கிடைக்கும் சதுரப் பெட்டி பம்ப்பே போதும் என்று நினைப்பவர்கள் அதன் அழுத்தத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இந்த வண்டியின் எஸ்.யு. கார்புரேட்டருக்கு 2.5 முதல் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) போதும். 5, 6 பி.எஸ்.ஐ. தரும் பம்ப் மிதவை ஊசியைத் தள்ளித் திறந்து, சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோலை வழியவிடும். ரெகுலேட்டர் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் அதற்கு ஆகும் செலவையும் சேர்த்தால் எஸ்.யு. விலை வந்துவிடும்.

பம்ப்போடு கூடவே வாங்க வேண்டியவை: பாஞ்சோ இணைப்புகளுக்கு (குழாயின் வளைய முனையைத் துளையுள்ள போல்ட்டால் பம்ப்போடு சேர்ப்பது) நான்கு ஃபைபர் வாஷர், ஒவ்வொரு பாஞ்சோவுக்கும் இருபக்கமும் ஒன்று. பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். உள்வரும், வெளிச்செல்லும் ஹோஸ் இரண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்தே அரிக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலே 10 விழுக்காடு எத்தனால் கலந்தது, இந்தியாவில் 20 வரை வந்துவிட்டது. ஆகவே எஸ்.ஏ.இ. ஜே30 தரத்தில் ஆர்9 அல்லது ஆர்14 என்று அச்சிட்ட ஹோஸ்தான். மூச்சுக்குழாய்க்கு (பம்ப்புக்குள் காற்று போய்வரும் குழாய்) சன்னமான குழாய் ஒரு மீட்டர், 8 ஆம்பியர் ஃபியூஸும் அதற்கான கூடும் ஒன்று.

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவு. 7/16, 1/2 அங்குல ஸ்பேனர் வேண்டும். பம்ப்பின் முனை நட்டுகள் 2 பி.ஏ. என்னும் பழைய பிரிட்டிஷ் திருகு அளவு. 13 மி.மீ. ஸ்பேனரை 1/2 அங்குலத் தலையில் போட்டால் உட்காரும், ஆனால் 0.3 மி.மீ. தளர்வு இருக்கும். துருப்பிடித்த போல்ட்டின் முனைகளை மழுக்க அது போதும்.

கழற்றுதல்

டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும் நாளில் செய்யுங்கள். நிறைந்த டேங்க்கின் மட்டம் பம்ப்பைவிட மேலே. ஹோஸைக் கழற்றியதும் தானாகவே கொட்டத் தொடங்கும், சைஃபன் மாதிரி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

குழிக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் தேங்கும். சமதளத்தில், கதவைத் திறந்துவைத்து, எல்.இ.டி. விளக்கோடு, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இருக்கைக்குப் பின்னாலிருக்கும் மூடியைத் திறந்து பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். பம்ப் வலது பேட்டரிப் பெட்டியை ஒட்டியே இருக்கிறது. நழுவும் ஸ்பேனர் எங்கே போய்த் தொடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பின் ஸ்பிரிங்கின் முன்முனைக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். வலது பின்சக்கரத்தைக் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும்.

தொடுமுன் நாலு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய் எங்கே, மூச்சுக்குழாய் எப்படி மேலே ஏறுகிறது, பம்ப் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். பிறகு உறிஞ்சும் ஹோஸைப் பற்றுக்குறட்டால் நசுக்கி மூடிவிட்டு, அடியில் தகரத் தட்டு வைத்து, இரண்டு பாஞ்சோ போல்ட்டையும் கழற்றுங்கள். போல்ட்டைத் திருப்பும்போது பம்ப் உடலை மறுகையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கிளாம்ப்புக்குள் முழுப் பம்ப்பும் சுழன்று ஒயரைப் பிய்த்துவிடும். வெள்ளை ஒயர், கறுப்பு ஒயர், இரண்டு மூச்சுக்குழாய், கடைசியாகக் கிளாம்ப். அவ்வளவுதான்.

மூச்சுக்குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பம்ப்பின் இருமுனையும் வெளிக்காற்றோடு தொடர்பில் இருந்தால்தான் டயாஃப்ரம் தடையில்லாமல் அசையும். பம்ப் சக்கரத்துக்குப் பக்கத்தில் சேற்று நீர் தெறிக்கும் இடத்தில் இருப்பதால் அபிங்டனில் இந்தக் குழாய்களை டிக்கிக்குள் கொண்டுபோய் விட்டார்கள். பழைய வண்டிகளில் இவை பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், அல்லது அடியில் வெறுமனே தொங்கும். சூடாக ஓடி நின்ற பம்ப் குளிரும்போது, நனைந்த ஈரக்காற்றை அந்தத் துளை வழியே உள்ளே இழுக்கும். பாயிண்ட் துருப்பிடிப்பதற்கு அதைவிட நேர்வழி இல்லை.

பழையது ஏன் செத்தது

புதியதை மாட்டுமுன் இதற்கு விடை வேண்டும். பழைய பம்ப்பின் முனை மூடியைத் திறங்கள்: ரப்பர் பட்டையை உரித்து, 2 பி.ஏ. நட்டைக் கழற்றினால் மூடி வந்துவிடும். பாயிண்ட்டில் வெறும் சாம்பல் நிறப் படலம் என்றால் நெடுநாள் சும்மா இருந்ததே காரணம். வெள்ளை, பச்சைப் பூஞ்சணம் என்றால் ஈரம், மூச்சுக்குழாய்தான் குற்றவாளி. ஒருபக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாக எரிந்திருந்தால் தீப்பொறியை அடக்கும் டயோடோ மின்தேக்கியோ போய்விட்டது. மின்சாரம் அறும் கணத்தில் காயில் திருப்பியடிக்கும் உயர் மின்னழுத்தத்தை அதுதான் வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு டிக்கும் பாயிண்ட்டில் ஒரு வெல்டிங்.

காயில் கருகிய நாற்றம் அடித்தால், மேலே சொன்ன அடைப்பு. இதைச் சரிசெய்யாமல் புதுப் பம்ப் மாட்டினால் அதுவும் கருகும். பெட்ரோல் மூடியைத் திறந்துவைத்து, உறிஞ்சும் குழாயின் முனையிலிருந்து டேங்க்கை நோக்கி சைக்கிள் பம்ப்பால் மெல்ல ஊதுங்கள். டேங்க்குக்குள் குமிழி விடும் சத்தம் தாராளமாகக் கேட்க வேண்டும். தடை தெரிந்தாலோ, வடிந்த பெட்ரோலில் செந்துருத் தூள் தெரிந்தாலோ டேங்க்கை இறக்கிக் கழுவும் வேலை வந்துவிட்டது. கம்ப்ரஸர் காற்றை நேராக விடாதீர்கள்.

மாட்டுதல்

கழற்றியதற்குத் தலைகீழ் என்று விட்டுவிடலாம், மூன்று இடம் தவிர.

முதலாவது கோணம். வெளிச்செல்லும் துளை உள்வரும் துளைக்கு மேலே இருக்கும்படி கிளாம்ப்பில் திருப்பி வைக்க வேண்டும். தலைகீழானால் உள்ளே காற்று தேங்கி, பம்ப் அடித்துக்கொண்டே இருக்கும், பெட்ரோல் ஏறாது. உடலில் வார்ப்பிலேயே உள், வெளி என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மாற்றி மாட்டியவர்கள் எல்லோருமே அதைப் பார்க்காதவர்கள்தான்.

இரண்டாவது பாஞ்சோ. வாஷர், பாஞ்சோ, வாஷர், பிறகு போல்ட். டெஃப்லான் டேப், பசை எதுவும் வேண்டாம். டேப்பின் இழை பிரிந்து வால்வில் போய்ச் சிக்கும். முதலில் கையால் முடிந்தவரை இறுக்கி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இயல்பாக நிற்கிறதா பார்த்து, பிறகு ஸ்பேனர். உறிஞ்சும் பக்கத்தில் வாஷர் சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது மின்சாரம். எர்த் ஒயரைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். வெள்ளை ஒயரில் ஃபியூஸ் கூட்டை இந்த நேரத்தில் சேர்த்துவிடலாம். வடிகட்டி சேர்க்க ஆசை இருந்தால் பம்ப்புக்குப் பின், இன்ஜின் பக்கத்தில் வையுங்கள். பம்ப்புக்கு முன்னால் வைத்த வடிகட்டி அடைபடும்போது கருகப்போவது பம்ப்தான்.

அளந்து பார்த்தல்

பேட்டரியை மாட்டுமுன் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயரைக் கழற்றிவையுங்கள். இன்ஜின் ஓடாமல் சாவியை நெடுநேரம் போட்டுவைத்தால் அந்தக் காயில் சூடேறும். கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அளவு குறித்த உலோகக் குவளையில் விட்டு, வேறொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். ஏ.யு.எஃப். 300 வகைக்குக் குறித்த அளவு மணிக்கு 15 பிரிட்டிஷ் காலன், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அரை நிமிடத்தில் அரை லிட்டர் வந்தால் நல்ல பம்ப். கால் லிட்டருக்குக் கீழே இறங்கினால் நீண்ட ஏற்றத்தில், முழு வேகத்தில் வண்டி பட்டினி கிடக்கும்.

அளவைவிட ஓட்டத்தைக் கவனியுங்கள். முதல் சில நொடி காற்று வெளியேறும், அது இயல்பு. அதன் பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால் உறிஞ்சும் பக்க வாஷருக்குத் திரும்பிப் போங்கள். பிறகு ஹோஸை மாட்டி, சாவி போட்டு, பம்ப் அடங்குகிறதா என்று காது கொடுங்கள். அடங்கியதும் வண்டிக்கு அடியில் காய்ந்த துணியால் இரண்டு பாஞ்சோவையும் துடைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தொட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை. ஃபைபர் வாஷர் ஊறி அமுங்கும், கால் திருப்பு இறுக்க வேண்டி வரும்.

பழைய பம்ப்பைத் தூக்கிப் போடாதீர்கள். காயில் கருகாமல் இருந்தால் அது திருத்தக்கூடியது. பாயிண்ட் லேசாகக் கறுத்திருந்தால் 600 எண் உப்புத்தாளும் ஸ்பிரிட்டும் போதும். பள்ளமாக எரிந்திருந்தால் ராக்கரும் பிளேடும் (பாயிண்ட்டின் மறுபாதியைத் தாங்கும் தகடு) சேர்ந்த புதுத் தொகுப்பு வேண்டும். டயாஃப்ரமும் மாற்றுவதானால் அதன் சுற்றில் இருக்கும் 11 சிறு பித்தளை உருளைகளைத் தவறவிடாதீர்கள். திறந்ததும் மேசையில் ஓடும், எண்ணி வையுங்கள். சில பிந்திய பம்ப்புகளில் உருளைக்குப் பதில் ஒரே வளையம் இருக்கும்.

டயாஃப்ரம் அமைப்பதுதான் நுணுக்கம். பாயிண்ட் பிளேடை ஒதுக்கிவைத்து, டயாஃப்ரத்தைத் திருகிக்கொண்டே போங்கள். கட்டைவிரலால் அழுத்தினாலும் ராக்கர் புரளாத நிலை வரும். அங்கிருந்து ஆறில் ஒரு சுற்றாகத் திரும்ப அவிழ்த்து, ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். ராக்கர் முதன்முதலாகப் புரளும் இடத்தில் நிறுத்தி, பக்கத்துத் துளைக்கு நேராக்கி, அதற்கு மேல் இன்னும் நான்கு துளை அவிழ்க்க வேண்டும். ஆறு துளை வட்டத்தில் அது மூன்றில் இரண்டு சுற்று. குறைவாக அவிழ்த்தால் ராக்கர் புரளத் தவறி, பாயிண்ட் மூடியபடி நிற்கும். அதிகமானால் வீச்சு சுருங்கிப் பெட்ரோல் அளவு குறையும். ஆறு திருகாணியையும் எதிரெதிராக இறுக்கி, பிளேடை இடத்தில் வைத்து, பாயிண்ட் இடைவெளி 0.035 அங்குலம், அதாவது 0.9 மி.மீ. இருக்கிறதா என்று ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். டயாஃப்ரத்துக்குப் பசை தடவ வேண்டாம்.

மூடியை மாட்டி, விளிம்பில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றி, நான்கு புது ஃபைபர் வாஷரோடும் ஒரு 2 பி.ஏ. ஸ்பேனரோடும் பாலித்தீன் பையில் கட்டி, டிக்கியில் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் போட்டுவையுங்கள்.